குட்டை ஓடுபாதை

அக்கா அன்று மறுபடியும் போன் செய்தபோது நான் விமான நிலையத்து எடைமேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ரங்கூனில், பசுந்தாங் பேட்டையில், அவள் வீட்டுக்குக் கீழே ஒரு லேத் பட்டறை இருக்கிறது. அதனால் அவள் போனில் எப்போதும் கத்தித்தான் பேசுவாள். அன்று பட்டறைச் சத்தத்தோடு, கல்யாணத்துக்கு வந்து இறங்கியிருந்த சொந்தக்காரர்களின் சத்தமும் சேர்ந்துகொண்டது.

"பிளேன் வந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"நேத்தும் இதையேதான் சொன்னே."

"நேத்து மழை. இன்னிக்கு வெயில் அடிக்குது, வரும்."

"வரும் வரும்னு சொல்லிக்கிட்டே இரு. விடிஞ்சா கல்யாணம். பொண்ணு கையைப் புடிச்சி மணவறைக்குக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கு ஆள் வேணும். அவரு தம்பி இப்பவே வேட்டியை இஸ்திரி போட்டு ஆணியில மாட்டி வெச்சிருக்காரு. தெரியுமா உனக்கு?"

அவர் என்றால் அத்தான். அத்தானின் தம்பி நல்ல மனிதர். மைக் கண்ட இடத்தில் நாலு வார்த்தை பேசாமல் நகரமாட்டார். பெண்ணுக்கு அவர் சித்தப்பா. தாய்மாமன் இல்லாத இடத்தில் அவர் நிற்கத் தயாராகத்தான் இருந்தார்.

"சித்தப்பனே தாய்மாமனா நின்னா பாக்கறவங்க என்னடா சொல்வாங்க? இவளுக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இல்ல போலன்னு சொல்வாங்க. நமக்கு யார் இருக்கா? நீதான்."

அப்பா அம்மா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவின் பிறந்த வீடு என்றால், ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த நான் ஒருவன்தான்.

எங்கள் ரங்கூன் கல்யாணங்களில் பல சடங்குகள் சுருங்கிவிட்டன. பாதிப் பேருக்குத் தமிழ் புரியும், பேச வராது. மாப்பிள்ளையின் அம்மா பர்மியப் பெண். சாப்பாட்டில் சாம்பாரும் உண்டு, கோழி நூடுல்ஸும் உண்டு. ஆனால் தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து, முன்னால் நடந்து வருவதை மட்டும் யாரும் விடவில்லை. அதைப் பார்க்க பர்மியர்கள்கூட நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார்கள்.

அதுதான் எனக்குப் பயமும். எத்தனை பேர் முன்னால் அப்படி நடக்க வேண்டும்! பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கக் கூப்பிட்டபோது பெஞ்சை விட்டு எழாமல் இருந்தவன் நான். பிளேன் வரவில்லையே என்று தவிக்கும்போதே, வராவிட்டால் நடக்க வேண்டியதில்லை என்று உள்ளே ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதி வந்ததும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வரும். எழுந்து ஓடுபாதை வரை போய் வானத்தைப் பார்ப்பேன். திரும்பி வந்து உட்காருவேன். மறுபடியும் எழுவேன்.

நான் வேலை பார்த்த இடத்தை விமான நிலையம் என்று சொல்ல வெளியூர்க்காரர்கள் தயங்குவார்கள். ரங்கூனுக்குத் தெற்கே, கடலோரத்தில், தகரக் கூரை போட்ட ஒரே ஒரு கட்டடம். நாலு பெஞ்சு. தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு டீக்கடை. ஒரு கம்பத்தில் காற்று பார்க்கும் துணிக்குழாய். கட்டட வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். பிளேன் சத்தம் கேட்டதும் அதை அடிப்போம். ஓடுபாதை ஓரத்தில் இறால் காயப்போட்டிருப்பவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுவார்கள். ஆடுகளுக்கும் அந்தச் சத்தம் பழக்கம். அவை ஓடாது, நடந்து போகும்.

வாரத்துக்கு இரண்டு பிளேன். பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் சின்ன பிளேன்தான். முன்பு அதிலும் பாதி காலியாகப் போகும். இந்த இரண்டு மூன்று ஆண்டுகளாக உள்நாட்டுச் சண்டையால் ரோட்டில் போவதற்கு ஜனங்கள் பயப்படுகிறார்கள். அதனால் மீன் விற்கிறவர்கள்கூட பிளேனில் போக ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் அந்த இடத்தை வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டித் திருத்தினார்களாம். கல் உடைத்தவர்களில் பாதிப் பேர் தமிழும் தெலுங்கும் பேசிய நம் ஆட்கள் என்று சொல்வார்கள். அதற்கு அடையாளம் ஒன்றும் அங்கே கிடையாது. சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் பிடித்தபோது வெள்ளைக்காரன் குண்டு போட்டான், அதற்கு முன்னால் ஜப்பான்காரன் போட்டிருந்தான். குழிகளை மூடி, மேலே ஓட்டை ஓட்டையான இரும்புத் தகடுகளைப் பரப்பினார்கள். சண்டை முடிந்ததும் அந்தத் தகடுகள் ஊருக்குள் போய்விட்டன. இன்றைக்கும் அந்த ஊரில் கோழிக்கூடு, வேலி, சாக்கடை மூடி எல்லாம் அந்தத் தகடுதான். பிளேன் இறங்கிய இரும்பின் மேல் இப்போது சேவல் நின்று கூவுகிறது.

யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்பது அந்த இடத்தின் வழக்கம். கண் டாக்டர்கள் வந்திருக்கிறார்கள். நிலம் அளப்பவர்கள், இறால் வாங்குகிறவர்கள், சினிமா எடுக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள். ஒரு தடவை வழி தவறிய சின்ன பிளேன் ஒன்று இறங்கி, இது எந்த ஊர் என்று கேட்டு, டீ குடித்துவிட்டுப் போனது.

ஒரு குறைதான். ஓடுபாதை குட்டை. மேற்கு முனையை ஒரு வெள்ளத்தில் ஓடை தின்றுவிட்டது. கிழக்கு முனையில் மேட்டின் மேல் ஒரு பகோடா இருக்கிறது. பகோடாவை யாரும் நகர்த்த மாட்டார்கள், ஓடை யார் சொல்லையும் கேட்காது. நடுவில் இருப்பதுதான் எங்களுக்கு. ஆகவே ஏறுகிற எல்லாவற்றையும் எடை போட வேண்டும். பெட்டியை மட்டுமல்ல, ஆளையும். அந்த எடை போடுகிறவன் நான்தான்.

ரங்கூன் விமான நிலையத்தில் மூட்டை தூக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு அந்த ஊருக்கு அனுப்பப்பட்டவன். எனக்கு ஒத்துப்போன வேலை அது. பேச்சு குறைவு. ரைஸ் மில்லில் இருந்து வாங்கிய பழைய எடைமேடை. ஆள் ஏறி நிற்பார், நான் தண்டின் மேல் எடைக்குண்டை நகர்த்துவேன், எழுதுவேன். யார் எடையையும் வாய்விட்டுச் சொல்லமாட்டேன். பெண்கள் இதற்காகவே என்னை மெச்சிக்கொள்வார்கள்.

பிளேன் வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ரங்கூனில் ஏதோ ரிப்பேராம். வைகாசி வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. துணிக்குழாய் செத்த பாம்பு மாதிரி கம்பத்தோடு ஒட்டிக்கிடந்தது. சூடு அதிகமாக இருந்து காற்றும் இல்லாவிட்டால் பிளேன் எழும்ப எடை குறைவாக இருக்க வேண்டும். பைலட் இறங்கி வந்து ஒரு கணக்கு சொன்னார். காலையில் ஏற்றியிருக்கக்கூடிய எடையைவிட அது குறைவு.

எனக்கு டிக்கெட் கிடையாது. வேலைக்காரர்களுக்கான பாஸ். எல்லோரும் ஏறிய பிறகு இடமும் எடையும் மிச்சம் இருந்தால் நான். சயா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் அதிகாரி இதை முதல் நாளே எனக்கு நினைவுபடுத்தியிருந்தார். அன்று என்னையும் என் பெட்டியையும் அவரே முதலில் எடை போட்டு ஓரமாக எழுதி வைத்தார். பெட்டியில் மாமன் சீர், ஒரு பட்டுப்புடவை, என் வேட்டி சட்டை.

வரிசை நகர்ந்தது. நான் கூட்டிக்கொண்டே வந்தேன். கடைசிக்கு ஒரு ஆள் இருக்கும்போது, எனக்கு இடம் இருக்கும் போலத்தான் தெரிந்தது.

கடைசி ஆள் ங்கப்பி விற்கும் ஒரு அம்மா. ங்கப்பி என்றால் மீனை உப்பில் ஊறவைத்து அரைத்த விழுது, அது இல்லாமல் பர்மாவில் சோறு இறங்காது. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கன்னத்தில் சந்தனம் மாதிரி தனாக்கா மரப்பட்டை விழுதை அப்பியிருந்தார். ரங்கூனில் இருக்கும் மகனுக்கு இரண்டு ஜாடி ங்கப்பி கொண்டு போனார். ஜாடிகளை எடை போட்டாயிற்று. பிறகு அவர் மேடையில் ஏறி நின்றார். ஏறும்போதே இடது கையைப் பக்கத்துத் தூணில் ஊன்றிக்கொண்டார். சாய்ந்து நிற்கிறவர் மாதிரி, சாதாரணமாக.

குண்டை நகர்த்தினேன். அவ்வளவு பெரிய உடம்புக்கு அது பள்ளிக்கூடப் பெண்ணின் எடையைக் காட்டியது.

இந்த வித்தையை நிறையப் பேர் செய்வார்கள். ஆளையும் பெட்டியையும் சேர்த்துத்தான் கணக்கு, அதிகமானால் பெட்டியில் இருந்து எடுத்து வெளியே வைக்க வேண்டும். வழக்கமாக நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கொஞ்ச நேரத்தில் அவர்களே எடுத்துவிடுவார்கள். அன்று நான் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தேன். அவர் எடையை இப்படியே எழுதினால் மொத்தம் சரியாக இருந்தது. நானும் போகலாம்.

எழுதவும் வரவில்லை, பேசவும் வரவில்லை. அக்காவின் குரல் காதில் இருந்தது. ஆனால் ஒரு வெயில் நாளில் பிளேன் ஒன்று ஓடுபாதை தீர்ந்த பிறகுதான் எழும்பி, ஓடைக்கு அந்தப் பக்கத்து நாணலைத் தடவிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத் தண்டவாளத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். இந்தப் பொய் எடையில் நானும் ஏறப்போகிறேன். அது போதாதென்று இன்னும் பத்துப் பேர்.

"அமே," என்றேன். வயதான பெண்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், அம்மா என்று அர்த்தம். "கையை எடுங்க."

"என்ன?"

"தூணில இருந்து கையை எடுங்க."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"முட்டி வலிக்குதுப்பா. புடிக்காம எப்படி நிக்கறது?"

"ஒரு நிமிஷம் மட்டும்."

அவர் கையை எடுத்தார். மேடையின் தண்டு டக்கென்று மேலே போய் நின்றது. குண்டை நகர்த்தினேன், நகர்த்தினேன், இன்னும் நகர்த்தினேன். பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கடா, மூணு புள்ள பெத்த உடம்பு," என்றார் அந்த அம்மா.

சயா கூட்டிப் பார்த்தார். ஓரத்தில் எழுதியிருந்த என் எடையின் மேல் ஒரு கோடு போட்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"நாளைக்குத்தானே கல்யாணம்?"

"ஆமா சயா."

"நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார். திட்டினாரா பாராட்டினாரா என்று எனக்கு விளங்கவில்லை.

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். உள்ளே இருந்த அந்த மூலை நிம்மதியை அப்போது தேடிப் பார்த்தேன். அது இல்லை. வேட்டியை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கும் சித்தப்பாதான் கண்ணுக்குள் நின்றார். அக்கா மகள் பள்ளிக்குப் போகும் வயதில், ரங்கூன் கியாக்டடாவில் பஸ் நெரிசலுக்குள் ரோட்டைத் தாண்டும்போது என் ஒரு விரலை மட்டும் பிடித்துக்கொண்டு வருவாள். முழுக் கையையும் கொடுத்தால் பிடிக்கமாட்டாள். சித்தப்பா அவளுக்கு எந்தக் கையை எப்படிக் கொடுப்பார்?

ங்கப்பி அம்மா என்னைத் தேடி வந்தார்.

"ஏம்ப்பா, சயா சொல்றது நெசமா? என் கையை எடுக்கச் சொல்லி உன் சீட்டை நீயே புடுங்கிப் போட்டுக்கிட்டியா?"

நான் தலையாட்டினேன்.

"பைத்தியமா நீ? எனக்குத் தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லா சாஞ்சிருப்பேனே!"

"அதுக்குத்தான் அமே சொல்லல."

அவர் தன் ஜாடிகளைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு ஜாடியை இங்கயே வெச்சிட்டுப் போறேன். ரெண்டையும் கேக்காதே. வெறுங்கையோட போனா மருமக வாய்க்கு யார் பதில் சொல்றது?"

ஒரு ஜாடி இறங்கியது. அது நான் ஏறப் போதவில்லை. என் பெட்டி மட்டும் போகலாம் என்றார் சயா. பெட்டி போய் என்ன செய்யும், பெட்டியா கையைப் பிடித்து நடக்கும்?

இதற்குள் பைலட்டுக்கும் விஷயம் போய்விட்டது. சின்ன வயசுக்காரர். என் பக்கத்தில் வந்து நின்று துணிக்குழாயைப் பார்த்தார்.

"ஊலே," என்றார். மாமா வயதுக்காரர்களை பர்மியர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இங்க கடல் காத்து எப்ப எழும்பும்?"

"சாயங்காலம் எழும்பும். சில நாள் எழும்பாது."

"எதிர்காத்து வந்தா உங்களையும் தூக்கிடலாம். கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம். ரொம்ப நேரம் முடியாது. இருட்டறதுக்குள்ள ரங்கூன்ல இறங்கியாகணும்."

பயணிகளிடம் அவரே போய்ச் சொன்னார். அதன் பிறகு எல்லோருடைய பார்வையும் என் மேல்தான். எனக்காக ஒரு பிளேன் நிற்கிறது. இதைவிட நான் நடந்தே ரங்கூன் போயிருப்பேன்.

இறால் கம்பெனிக்காரர் ஒருவர் கால்சட்டை போட்டுக்கொண்டு, போனைக் கையில் வைத்தபடி அங்குமிங்கும் நடந்தார். முதலில் முணுமுணுத்தார். பிறகு என்னிடமே வந்தார்.

"ஊலே, அந்தக் குழாய்கிட்டப் போய் நின்னு நீங்களே ஊதுங்க. சீக்கிரம் கிளம்பலாம்."

"அவர் ஊதினா ஓடைப்பக்கம் பறந்துடுவாரு, பாருங்க எப்படி இருக்காரு," என்றார் ங்கப்பி அம்மா. "உங்க வயித்தைக் கொஞ்சம் எறக்கி வெச்சாப் போதும், நாம எல்லாருமே போலாம்."

பெஞ்சு முழுவதும் சிரித்தது. இறால்காரரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். அதற்குப் பிறகு யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் நேரம் பார்த்தார்கள். அது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுபடியும் போன்.

"ஏறிட்டியா?"

"இல்லக்கா."

"ஏன்? பிளேன் வரலையா?"

"வந்திருச்சி. காத்துக்காக நிக்கிறோம்."

"காத்துக்கா? என்னடா சொல்றே?"

எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "எடை கூடிருச்சிக்கா," என்றேன். பட்டறை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "சரி," என்றாள். அவள் கத்தாமல் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அந்த ஒரு "சரி" போதும், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஓடுபாதை ஓரத்திலேயே நின்றுகொண்டேன்.

வெயில் சாய்ந்தது. துணிக்குழாய் ஒரு தடவை அசைந்து விழுந்தது. எல்லோரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். பைலட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சயாவைப் பார்த்தார். சயா உதட்டைப் பிதுக்கினார். நான் முடிந்தது என்று நினைத்தேன். சித்தப்பாவிடம் போனில் என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். விரலை மட்டும் கொடுங்கள், முழுக் கையையும் கொடுக்காதீர்கள் என்று சொல்வதா? அதைக் கேட்டு அவர் மைக்கில் சொல்லிவிடுவார்.

நாணல் முதலில் சாய்ந்தது. பிறகு ஓடைத் தண்ணீரில் சுருக்கம் விழுந்தது. அப்புறம்தான் குழாய் எழுந்து, ஆடி, பகோடா பக்கம் நீட்டி நின்றது. என் சட்டை முதுகை விட்டு விலகியது. கடல் பக்கத்தில் இருந்து, நேர் எதிர்காற்று.

பைலட் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். காற்று நின்றுவிடாது என்று உறுதியான பிறகுதான் கையை அசைத்தார்.

கடைசி இருக்கை எனக்கு. எத்தனையோ வருஷம் அந்த ஓடுபாதையில் இருந்து பிளேன்களை அனுப்பியிருக்கிறேன். நான் அங்கே வருவதும் போவதும் அதுவரை பஸ்ஸிலும் கப்பலிலும்தான். பிளேன் பகோடாப் பக்கம் போய்த் திரும்பி நின்று, கடலைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. எனக்கு அந்தப் பாதையின் ஒவ்வொரு ஒட்டும் தெரியும். தார் போட்ட இடம் தடதடத்தது, பழைய குண்டுக்குழி மூடிய இடத்தில் ஒரு குலுக்கல். கட்டடம் போனது. டீக்கடை போனது. இன்னும் தரையில்தான் இருந்தோம். முன்னால் இருந்த ங்கப்பி அம்மா கையைக் கூப்பிக்கொண்டு வேகமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஓடை தெரிந்தது. அதற்குச் சற்று முன்னால் தடதடப்பு நின்றது. நாணல் கீழே, நன்றாகக் கீழே போனது.

இருட்டுவதற்கு முன் ரங்கூனில் இறங்கினோம். பசுந்தாங்கில் கதவைத் திறந்த அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். சித்தப்பா வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். "நல்லவேளை வந்தீங்க மச்சான். எனக்கு ராத்திரியெல்லாம் கை நடுங்கியிருக்கும்," என்றார். அவருக்கா நடுக்கம் என்று ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் காலை கோயில் மண்டபத்தில் நான் நினைத்ததைவிட அதிகக் கூட்டம். மாப்பிள்ளை வீட்டு பர்மியர்கள் முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா மகளுக்கு மாலை போட்டேன். என் காது அடைத்துக்கொண்டது. நாதஸ்வரம் எங்கோ தூரத்தில் கேட்டது.

"மாமா, நடங்க," என்றாள் மெதுவாக.

"நடக்கறேம்மா."

"நடக்கலையே. நிக்கிறீங்க."

கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்து, ஒரு விரலை மட்டும் பிடித்துக்கொண்டாள். முன்வரிசையில் ஒரு பர்மியப் பாட்டி எழுந்து நின்றார், அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கோலம், அதற்குப் பிறகு சிவப்புக் கம்பளம், அதில் ஒரு மடிப்பு.

"மெதுவா மாமா," என்றாள் அவள். "இவ்வளவு வேகமா எங்க போறோம்?"

பின்னால் அக்கா யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தாள். பட்டறைச் சத்தம் இல்லாத இடத்திலும் அவள் கத்தித்தான் பேசினாள். "என் தம்பி. நேத்துதான் பிளேன்ல வந்தான்."